துணைக்கால்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர்,
மணலியிலிருந்து வந்த வாயு வாடை ஒன்பதாவது ஆள்.
சரக்கு வண்டி
தன் கண்டெய்னர்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனது.

எதிரில் இருந்த அம்மாள்
ஸ்கேன் கவருக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினாள்.
லாமினேட் போட்டிருந்தது,
ரேஷன் கார்டுக்குப் போடுவதுபோல.

"தம்பி, கண்ணாடி எட்த்துனு வர்ல.
இத்த கொஞ்சம் பட்ச்சி சொல்லேன்.
எங்க விக்கிதுன்னு போட்டுகீறானா?"

எனக்குப் படிக்கத் தேவையில்லை.
மூன்று வருஷத்துக்கு முந்தைய ஞாயிறு,
ஏழாம் பக்கம், இடது கீழே, பெட்டிச் செய்தி.
'புற்றை விரட்டும் முள்சீத்தா'.
எழுதியவன் நான்.
இருநூற்றைம்பது ரூபாய்,
வவுச்சரில் கையெழுத்து.

நான் அனுப்பியபோது அது
'விரட்டுமா'.
இம்தியாஸ் பக்கம் கட்டும்போது ஒரு எழுத்து பிதுங்கியது.
துரைக்கண்ணு சார் துணைக்காலை உருவிவிட்டு
தலையில் ஒரு புள்ளி வைத்தார்.
கேள்விக்குறி தானாகவே விழுந்தது.
கால் போனது நிற்குமா?

நாலாம் பத்தியில் எலிகள் இருந்தன.
கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் இருந்தன.
'மனிதரிடம் இன்னும் நிரூபணமாகவில்லை',
'நடக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்'
என்று ஒரு டாக்டர் இருந்தார்.
மாலை நாலரைக்கு ஆடித் தள்ளுபடி வந்தது.
டாக்டரை எழுப்பி
அந்த இடத்தில் ஒரு பட்டுப்புடவையை நிறுத்தினார்கள்.
மிச்சமிருந்ததில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.
சார் இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்.

அவள் பெயர் வெரோணி.
வீட்டுக்காரர் சகாயராஜ், காசிமேட்டில் விஞ்ச் ஓட்டுபவர்.
குடலில் கட்டி.
"மூணு ஊசி போட்டாச்சி. நாலாவதுக்கு வர மாட்டேன்றாரு.
பேப்பர்லயே போட்டுகீதே, அப்றம் இன்னாத்துக்கு ஊசின்றாரு."
தாள் கோயிலில் கிடைத்ததாம்.
கொடுத்த அம்மாள் இப்போது இல்லையாம்.
"அவுங்கோ லேட்டா ஆரம்பிச்சிட்டாங்கோ" என்றாள்,
அந்தம்மாளுக்காக வருத்தப்பட்டு.

இஞ்சித் துண்டை வாயில் ஒதுக்கினால்
வாந்தி கொஞ்சம் அடங்கி
அரை இட்லி உள்ளே போகிறதாம்.
தாராளமாகக் கொடுங்கள் என்று நர்ஸே சொன்னாராம்.
அதை எழுத யாருமில்லை.
அரை இட்லிக்கு ஏழாம் பக்கத்தில் இடம் ஏது?

படித்தேன்.
முதல் பத்தி. இரண்டாவது. மூன்றாவது.
பிளாஸ்டிக்குக்குள் தாள் முடிந்த இடத்திலும்
நிறுத்தாமல் படித்தேன்.
எலிகள், கண்ணாடித் தட்டு, டாக்டர்,
நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம்.

அவள் தாளை வாங்கித்
தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"எம்பொண்ணு படிக்கசொல்ல எலி வர்லியே."

"இருந்துதும்மா. எடுத்துட்டாங்க."

"யாரு?"

கேட் தூக்கினார்கள்.
எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் பதில் சொன்னது.

மிண்ட் வரை அவள் பேசவில்லை.
அச்சடித்ததை முந்தானையால் துடைத்து
கவருக்குள் வைத்துக்கொண்டாள்.
ஊசிக்கான தேதி எழுதிய சீட்டும்
அதே கவரில்தான் இருந்தது, பார்த்தேன்.
அச்சில் இல்லாததைச் சொன்னவனை
ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.
இறங்கும்போது, ஒரு கால் தரையில், ஒரு கால் படியில்,
திரும்பிக் கேட்டாள்:

"அந்த எலிங்கோ பொழச்சிதா?"

ஆட்டோ கிளம்பிவிட்டது.
எனக்குத் தெரியாது.
அன்றைக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை.
நாலாம் பத்தி முழுதாக வந்திருந்தாலும்
அது அதில் இருந்திருக்காது.